ஐரிஷ் கவுன்சிலர் கேட்ட கேள்வி

பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஆங்கிலம் வராது. கணக்கு நன்றாக வரும். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் வராத பிள்ளையைக் கணக்கிலும் கடைசிப் பிரிவில்தான் போடுவார்கள். அந்தப் பிரிவுக்குரிய இலகுவான பரீட்சையில் எவ்வளவு திறமாகச் செய்தாலும் உயர்ந்த தரம் கிடையாது. அது இல்லாமல் நான் எஞ்சினியர் ஆக முடியாது.

அந்த விதியை மாற்றப் புறப்பட்டவர் எங்கள் பகுதிக் கவுன்சிலர். அயர்லாந்தில் சிறு பண்ணை வீட்டில் பிறந்தவர், லண்டனில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியை, பிறகு அரசியல். பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவி. குழுவில் மற்றவர்கள் தயங்கினார்கள். பெற்றோர் வந்து பேசட்டும், பிறகு வாக்கெடுக்கலாம் என்றார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் தமிழ் ஆட்கள் வந்தார்கள், பலகாரத்தோடு.

"பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோட போறதோ?" என்று அம்மா கறி அடைத்த பற்றீஸ் பொரித்திருந்தார். மண்டபத்து மேசையைப் பார்த்தால் கலியாண வீடு தோற்றுப்போகும்.

"ஏதாவது குறை உண்டா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். எங்கள் ஆட்கள் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

"சொல்லுங்கோவன் அப்பா" என்றேன்.

"சும்மா இரு. வாத்திமாரைக் குறை சொல்ல ஏலாது."

"பின்னை ஏன் வந்தனீங்கள்? வடை தின்னவோ?"

"கூப்பிட்டவை, வந்தனாங்கள்."

"பாருங்கள், எல்லோருக்கும் திருப்திதான்" என்றார் குழுக்காரர், கையில் பற்றீசுடன்.

கவுன்சிலர் எழுந்தார். தன் தந்தையும் ஊர் வாத்தியாருக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவாராம். மூத்த மகனைப் படிப்பிலிருந்து நிறுத்தும்படி அந்த வாத்தியார் சொன்னபோதும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

"குறை சொல்ல வேண்டாம். இங்கே இப்போது படிப்பிக்கும் கணக்கை முன்பிருந்த நாட்டிலேயே படித்து முடித்தது யாருடைய பிள்ளை? அதை மட்டும் சொல்லுங்கள்."

மொழிபெயர்க்க வந்திருந்த ஓர் அக்கா அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, கைகள் எழுந்துவிட்டன. பிள்ளையின் பெருமை பேச எங்கள் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

"என்ரை மகன் பாரிசிலை வகுப்பிலை முதலாம் பிள்ளை!" அப்பாவின் குரல்தான்.

"என்ரை மகள் ஜெர்மனியிலை பரிசு எடுத்தவள்!"

"இருங்கோ அண்ணை, நான் சொல்லி முடிக்கேல்லை!"

அன்று கூட்டத்தை முடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. விதி மாறியது. புதிதாக வந்தவர்களுக்குச் சொற்கள் குறைந்த, எண்கள் நிறைந்த சோதனை வைத்தார்கள். நேரம் முடியுமுன்பே எழுதிக் கொடுத்துவிட்டு மேல் பிரிவுக்குப் போனேன்.

இப்போது எஞ்சினியரிங் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தங்கை இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். லண்டனின் டூட்டிங் பகுதிக் கடையொன்றில் கவுன்சிலரைக் கண்டு இதைச் சொன்னேன்.

"நல்லது. உன் தங்கை எந்தப் பிரிவில்?"

"மேல் பிரிவில்."

தலையசைத்துவிட்டு, வரிசையில் பின்னால் நின்ற ஒரு தாயிடம் அவருடைய மகனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.