ஆறிப்போன ஒரு கிளாஸ் சாயா

“…ஆறினா ஆறட்டும். ஒரு கிளாஸ் மிச்சம் நிக்குது. அதோட ஆள் எங்கே?”

எங்கள் கிடங்கின் முற்றத்தில் நின்று இத்தா இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கிளாஸுக்கு உரிய நான் உள்ளே பூட்டிய இருட்டறையில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே நடந்ததை எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருடம், மழை விட்ட சமயம். கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை எனக்கு. பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, சுக்கை முறத்தில் கொட்டி, பூச்சி அரித்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் தள்ளுவோம். குனிந்த தலை நிமிராது. தூசி தொண்டை வரைக்கும் போகும். எங்களில் ஒருத்தியை இத்தா என்போம். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் எனக்கும் அவள் இத்தாதான்.

அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. காலைச் சாயா வந்ததும் எல்லோரும் எழுந்து, முதுகை நிமிர்த்தி, குழாயில் முகம் கழுவி, முற்றத்துக்கு வர வேண்டும். எல்லா முகமும் வந்த பிறகுதான் கிளாஸைத் தொடலாம். இல்லாவிட்டால் ‘இன்னும் ஒரு முறம், இன்னும் ஒரு முறம்’ என்று நாங்கள் இடத்தை விட்டு அசையவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். ஆடை கட்டிய சாயாவைப் பார்த்து ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று அதிகம் முணுமுணுத்தது நான்தான்.

அன்று பள்ளுருத்தியில் என் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருந்தேன். வேலைக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை பிளந்தது. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள். மலை மலையாய்ச் சுக்கு, நடுவில் தலைவலியோடு நான். ஒருத்தியிடமும் சொல்லாமல் உள்ளறைக்குப் போய், மூட்டை அடுக்குக்குப் பின்னால் வெறும் சாக்கில் சாய்ந்தேன். அன்று அந்த அறையில் பூச்சிமருந்து வைக்கிற நாள் என்பது தெரியும். ஆனால் மருந்து வைக்கும் சேட்டன் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு இடப்பள்ளியில் இன்னொரு வேலை இருந்ததால் முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். அசந்து தூங்குகிறவளுக்கு அது எங்கே கேட்கும்?

என்னை எழுப்பியது டேப் இழுக்கும் சத்தம். பர்ர், பர்ர் என்று. கதவின் இடுக்குகளை வெளியிலிருந்து ஒட்டுகிறார்கள். மருந்தை வைத்து, கதவைப் பூட்டிய பிறகு செய்கிற வேலை அது.

ஓடிப் போய்க் கத்தினேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத தொண்டை, காற்றுதான் வந்தது. தெருவில் ஏதோ லாரி பின்பக்கமாக நகர்ந்தபடி உறுமிக்கொண்டிருந்தது. பழைய காலத்துக் கனத்த கதவு, தட்டத் தட்டக் கைதான் வலித்தது. போன் வெளியே பைக்குள். அந்த மருந்திலிருந்து விஷக்காற்று மெல்லத்தான் கிளம்பும், பூண்டு மாதிரி வாசனை வந்தால் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கே ஓட? முந்தானையால் மூக்கைப் பொத்துவேன். வாசனை வருகிறதா என்று பார்க்க அதை விலக்குவேன். மறுபடி பயந்து பொத்துவேன். இது சுக்கா, பூண்டா? வருடக்கணக்காகச் சுக்குத் தூசி குடித்த மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இடுப்பில் வீட்டுச் சாவி குத்தியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் பூட்டிய வாசலில் பையோடு நிற்பாளே என்று தோன்றியது. அந்தச் சாவியை எடுத்து அதனாலேயே கதவைத் தட்டினேன்.

வெளியே, அவள் முகம் வாடியிருந்தது, வீட்டுக்குப் போயிருப்பாள் என்றாளாம் ஒருத்தி. இத்தாவுக்குச் சாயா குடிக்கவும் கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம் வேண்டும் என்று இன்னொருத்தி கிண்டல் செய்தாளாம். இத்தா சிரிக்கவில்லை. நேராக வாட்ச்மேனிடம் போய்க் கேட்டாள். யாரும் வெளியே போகவில்லை என்றார் அவர். சேட்டனோ கை கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுப் பார்த்துத்தான் பூட்டினேன், இப்போது திறந்தால் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், இடப்பள்ளிக்கு நேரமாகிறது என்றாராம்.

“சேட்டா, அவ கேட்டைத் தாண்டலை. தாண்டலைன்னா உள்ளதான் இருக்கா. பூட்டின முறி இந்த உள்ளறை ஒண்ணுதானே. சாவியை எடுங்க.”

அவர் சட்டைப் பையில் சாவியைத் தேடுவதற்குள் அவள் டேப்பைப் பிய்க்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் ஒட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சாவி வைத்திருந்த கை கீழே இறங்கிவிட்டது.

பிறகு வெளிச்சம் வந்தது.

முற்றத்துக் காற்றில் என்னை உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். சேட்டன் சுவரோரம் அப்படியே குந்திவிட்டார். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துவிட்டு, நல்ல காலம், ஒன்றுமில்லை என்றார்கள். இப்போதெல்லாம் உள்ளறையைப் பூட்டுமுன் இரண்டு பேர் மூட்டைகளுக்குப் பின்னால் வரை போய்ப் பார்த்து வருகிறார்கள். நானும் ரெண்டு இட்லியாவது வயிற்றில் போடாமல் பஸ் ஏறுவதில்லை. தலை வலித்தால் பக்கத்தில் இருப்பவளிடம் வாயைத் திறந்து சொல்கிறேன்.

ஆனால் எனக்கு மறக்காதது, ஆட்டோ வருவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள். இத்தா என்னைத் திட்டவில்லை. ஏன் சொல்லாமல் போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. நகம் பிய்ந்த விரலைக் குழாயில் காட்டிக் கழுவினாள். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். “இனி குடிங்க” என்றாள். எல்லோரும் எடுத்த பிறகு, ஆடை கட்டிப்போன தன் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பந்திக்கு முந்து என்று ஊரெல்லாம் சொல்லும். முந்தாமல் காத்து நின்ற ஒருத்தி இருந்ததால்தான் அன்று சாயங்காலம் என் மகளுக்கு நான் கதவு திறந்துவிட்டேன்.