மலையேறச் சொன்ன காலை

ஹந்தானை மலைக் கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. என் மனைவி, நாங்கள் கடல் கடந்து கரையிறங்கி நடந்து வந்த காட்டுப்பாதையிலேயே பேதி கண்டு இறந்தாள். மகள் அப்போது மிகச் சிறியவள். "அம்மா சாமிகிட்ட போயிருக்கா" என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவளுக்குச் சொல்லி வைத்தார்கள்.

இந்த வருடம் பழம் பறிப்பதற்கு முன் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. முகத்தில் கொப்புளங்கள் தெரிந்ததும், எங்களுக்குச் சமைத்துத் தரும் லயத்து அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, வீட்டுக்கு அம்மா வந்திருக்கா. தாளிக்காதீங்க, சத்தம் போடாதீங்க."

மகள் கண்ணைத் திறந்தாள். "எங்க?"

"உன் மேலதான் தாயி. முத்துப் போட்டு விளையாடுறா."

மகள் மெல்ல நகர்ந்து, பாயில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள்.

அதன்பின் அந்த வெற்றிடத்தைப் பார்த்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூழ் கொடுத்தால், "அம்மாவுக்கு மொதல்ல" என்று உதட்டை மூடிக்கொள்வாள். ஒரு மத்தியானம் தெளிவாகக் கேட்டாள்: "அப்பா, நானும் அம்மாகூட சாமிகிட்ட போகட்டா?"

பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் உருவகம் என்று படித்தவன் நான். நோயை அம்மா என்பதும் கொப்புளத்தை முத்து என்பதும் சொல்லலங்காரம். அக்காவை வெளியே அழைத்தேன்.

"பெத்த தாய்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இது வெறும் சொல்லுன்னு சொல்லிடப் போறேன்."

"வெறும் சொல்லா? படிச்ச பேச்ச வாசலோட நிறுத்துங்க. அம்மா கேட்டுக்கிட்டு இருக்கா."

எந்த அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். என்னையறியாமல் கண் கதவு வழியே உள்ளே அந்தப் பாய்க்குப் போயிற்று.

கொப்புளம் காய்ந்தது. ஆனாலும் மகள் சாப்பிடாமல் கரைந்துகொண்டிருந்தாள். மாத்தளை வண்டிக்காரன் கொண்டுவந்த வேப்பிலையைப் போட்டுத் தண்ணீரை வெயிலில் வைத்து, அக்கா அவளை முற்றத்தில் உட்கார வைத்தாள்.

"தண்ணி ஊத்துனதும் அம்மா கிளம்பிருவா. 'மலையேறிருங்க தாயி'ன்னு சொல்லு. போயிட்டு வான்னு மட்டும் சொல்லிராத, திரும்பி வந்துருவா."

மகள் மேலே பார்த்தாள். கோப்பிச் செடிகளுக்கு மேல் மலை பனிமூட்டத்தில் பாதி மறைந்திருந்தது.

"அங்க தனியாவா போவா? நானும் போறேன்."

எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, என் மனைவியை நான் கூப்பிடும் விதமாகவே கூப்பிட்டேன்.

"ஏ புள்ள, நீ போ. இவ எங்கிட்ட இருக்கட்டும்."

தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்த அக்காவின் கையில் செம்பு அப்படியே நின்றது. மகள் யாரோ பதில் சொல்வதைக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு, "சரிங்கறா" என்றாள். மலையைப் பார்த்து, "போயிட்டு வாம்மா" என்றாள்.

அக்கா அவசர அவசரமாக மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள்.

"பசிக்குதுப்பா."

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். அவள் கஞ்சி குடித்து முடிக்கும்வரை என் உதடுகள் "போ, போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தன.