காற்று நின்ற பிறகு வந்த அலை

எனக்குக் கடல் தெரியாது. ஆம்பூரில் பிறந்தேன். ஆம்பூரிலேயே தோல் ஷாப்பில் வேலை செய்தேன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் பாலாறு. அதுவும் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்.

எனக்குத் தெரிந்தது காற்று. பதனிட்ட ஆட்டுத்தோலை மாடியில் கொம்பு கொம்பாகத் தொங்கப் போடுவோம். நாலு பக்கமும் மூங்கில் தட்டி. எந்தப் பக்கத் தட்டியைத் திறப்பது, எதை மூடுவது என்று சொல்வதுதான் என் வேலை. காற்று ஜாஸ்தியானால் தோல் ஓரம் மடங்கி முறுக்கிக்கொள்ளும். கம்மியானால் பூஞ்சை பிடிக்கும். மூன்றாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் முதலாளி தினமும் காலையில் வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்பார்.

"காத்து இன்னாப்பா?"

நான் சொல்வதை மறுத்து அவர் பேசியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருவன் வந்து சேர்ந்தான். ராமநாதபுரத்துப் பக்கம் கடலோர ஊர். அங்கே ஒரு மண்டிக்காரர் எங்களுக்குப் பச்சைத்தோல் அனுப்புவார். அந்த லோடோடு மூட்டை இறக்க வந்தவன், திரும்பிப் போகவில்லை. பேடில் தொட்டியில் வேலைக்கு நின்றுவிட்டான். பேடில் என்பது நீளமான சிமெண்டுத் தொட்டி. ஒரு கோடியில் மரச்சக்கரம். மோட்டார் போட்டால் சக்கரம் தண்ணீரைத் தள்ளும், தோல் புரண்டு புரண்டு சுத்தமாகும். அவனை எல்லாரும் கடல்காரன் என்றார்கள். கூப்பிடும்போது 'கடலு'.

சாயந்திரம் வேலை விட்டதும் எதிர் டீக்கடைக்குப் போவோம். அங்கே ரேடியோ பாடும். பாட்டு முடிந்து வானிலை சொல்லும்போது மற்றவர்கள் எழுந்து போவார்கள். இவன் மட்டும் கிளாஸை வைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் போய் நிற்பான். மீனவர்களுக்கான எச்சரிக்கை வரும். எந்தத் திசைக் காற்று, எவ்வளவு வேகம், கடல் எப்படி.

"இன்னா கடலு, உங்கூர் மீனுங்கள்லாம் சவுக்கியமா?" என்பார் டீ மாஸ்டர்.

"உங்க டீயக் குடிக்காத வரைக்கும் சவுக்கியந்தான் மாஸ்டர்."

அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொல்வான்.

"இன்னைக்குப் பார் படுத்துருக்கும்ணே."

இல்லையென்றால், "நாளைக்கு எந்திரிக்கும்."

பார் என்பது என்ன என்று கேட்டேன். தண்ணீருக்கு அடியில் நீளமாகக் கிடக்கும் பாறை வரிசை என்றான். மேலே இருந்து பார்த்தால் தெரியாதாம். அலை வந்து ஏறும்போதுதான் தெரியுமாம். நடுவில் ஒரு வாய் உண்டு, வள்ளம் போய் வர. பார் எழுந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெள்ளையாக உடையும்.

"மொதல்ல முதுகு தெரியும், கறுப்பா. அப்புறம் உள்ள பச்சை தெரியும். அப்புறந்தான் சத்தம். சத்தம் கேக்குறப்ப நாம இருக்கமா இல்லையான்னு நமக்கே தெரியாது."

அவன் கையால் காட்டும்போது நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒரு தம்பி. அப்பா அம்மா இல்லை. இவன் இங்கே வந்த பிறகு அந்தப் பையன் தனியாக வள்ளம் ஓட்டினான். ஒரு வைகாசி மாதம் அவனிடமிருந்து கார்டு வந்தது. கடல்காரன் எனக்குப் படித்துக் காட்டினான். புதன்கிழமை நாங்கள் ஐந்து பேர் தீவுக்குப் போகிறோம், வலை போட்டுத் தங்கி, சனிக்கிழமை காலை திரும்புவோம். அவ்வளவுதான். தீவு பாருக்கு வெளியே இருக்கிறது. அங்கே குடிதண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டு போவதுதான்.

கார்டு வந்தது புதன்கிழமை. அன்று சாயந்திரம் ரேடியோவில் புயல் சொன்னார்கள். மேற்குக் கடலில், ரொம்ப தூரத்தில், லட்சத்தீவுக்கும் அப்பால். அவன் ஊர்ப் பக்கம் காற்றே இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம், புயல் விலகிப் போய்விட்டது, எச்சரிக்கை இல்லை என்றார்கள்.

"அப்பாடா, வுட்ச்சிடா," என்றேன்.

அவன் டீயைக் குடிக்கவில்லை.

"இல்லண்ணே. அலை இப்பத்தான் கௌம்பிருக்கு. சனிக்கிழமை காலைல பார்ல ஏறும். அவனுக்குத் தெரியாது. தீவுல ரேடியோ ஏது? காத்து இல்லைன்னு வள்ளத்த எடுத்துருவான்."

வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம் போனான். நானும் மாடிப்படியில் நின்றேன். மண்டிக்காரருக்கு ஒரு போன் போட வேண்டும் என்று கேட்டான். அவர் ஆள் சைக்கிளில் போனால் ஊர் அரைமணி நேரம். ஊரில் சொன்னால் போதும். கரையில் ஒரு பனை இருக்கிறது. அதன் உச்சியில் வெள்ளை வேட்டி கட்டினால், தீவில் இருப்பவன் வரமாட்டான். வேட்டியை இறக்கினால் வரலாம். அது அவர்கள் ஊர் வழக்கம்.

"இன்னாத்துக்குப்பா? புயல்தான் பூட்ச்சின்னு நேத்தே சொல்லிட்டானே," என்றார் முதலாளி.

"புயல் போயிருச்சு பாய். அலை வருது."

"சமுத்திரம் இன்னா உன் பாக்கெட்லயா கீது?" என்று சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. போனைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, காத்து இன்னா?"

தினமும் கேட்கிற கேள்வி. நானும் தினமும் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"சுத்தமா நின்னுபோச்சி பாய். ஒரு இலை ஆடல."

முதலாளி போனை வைத்துவிட்டார். "கேட்டியா? காத்தே இல்ல. போய் வேலையப் பாரு. பயப்படாத."

அவன் என்னைத் திட்டவில்லை. போய் வேலையைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேட்டார், சொன்னேன். காற்று நின்றால் ஆபத்தும் நின்றது. அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் ஜும்ஆ தொழுகைக்கு முதலாளியும் பாதிப் பேரும் போனார்கள். ஷாப்பில் சத்தம் அடங்கியது. அவன் கீழிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

பேடிலில் தோல் இல்லை. வெறும் தண்ணீர். சக்கரத்துக்கு எதிர்க்கோடியில், இறங்கிக் கழுவ ஒரு படி கட்டியிருக்கும். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே.

"அந்தப் படிய மட்டும் பாருங்க," என்றான்.

மோட்டாரைப் போட்டான். சக்கரம் சுற்றியது. அலை வந்தது. தொட்டி நடுவில் அது சும்மா ஏறி இறங்கியது. நடுவில் ஒரு ஆவாரம்பட்டை மிதந்தது. அது இருந்த இடத்திலேயே மேலும் கீழும் போனது. படிகிட்டே வந்ததும் அந்த அலை எழுந்து நின்றது. நுனி வளைந்து, படி மேல் விழுந்து உடைந்தது.

"அந்தப் படிதான் பார்."

பிறகு மோட்டாரை நிறுத்தினான். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டான். சக்கரம் அசையவில்லை. சக்கரத்தின் பக்கம் தண்ணீர் அடங்கியது. ஆனால் படியில் அலை வந்துகொண்டே இருந்தது. ஒன்று. இன்னொன்று. எழுந்து, வளைந்து, விழுந்தது. எண்ணினேன். எட்டு வந்தது.

"சக்கரம்தான் காத்து," என்றான். "நின்னுருச்சு. இப்ப படிகிட்ட இருக்குறவனப் போய்க் காத்து இருக்கான்னு கேட்டா இல்லம்பான்."

பத்து வருஷமாக அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் மாடிக்குப் போகிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கேயோ யாரும் இல்லாத கடலில் அடித்து ஓய்ந்துபோன காற்று. அது தள்ளிய தண்ணீர் ராவும் பகலும் நடந்து வருகிறது. யாருக்கும் தெரியாமல், சத்தம் போடாமல். அது எந்த நேரம் எந்தப் பாறையில் ஏறும் என்று, பாலாற்று மணலுக்கு நடுவே தோல் கழுவுகிற ஒருவன் சொல்கிறான்.

"உனக்கு எப்டி தெரியும்?" என்றேன்.

"என் வள்ளம் ஒடஞ்சது காத்தே இல்லாத நாளுண்ணே. அதுக்கு ரெண்டு நாள் முந்தி ரேடியோவுல இதே மாதிரி சொல்லிருக்கான். நான் அப்பக் கேக்கல. இப்பக் கேக்குறேன்."

முதலாளி தொழுகை முடிந்து வந்ததும் உள்ளே போனேன். நானாக அந்த ரூமுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"பாய், காலைல தப்பா சொல்லிட்டேன்."

"இன்னா தப்பு?"

"நம்ம மாடிக் காத்தச் சொன்னேன். நீங்க அங்கத்திய சமுத்திரத்துக்குக் கேட்டீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். என்னையே பார்த்தார். நான் அவரைத் தொட்டிக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் தப்பு என்று சொன்னது அவருக்குப் போதும் போல.

"லைட்னிங் கால் போடறேன்," என்றார். சாதாரண டிரங்க் கால் என்றால் ராத்திரி ஆகிவிடும். இது சீக்கிரம் வரும். அப்படியும் நாலு மணி ஆனது. அவர் போனில் கத்திய கத்தில் மாடியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"பனமரம் பாய், பனமரம்! வேட்டி! வெள்ளை வேட்டி! ஆமா, மரத்துக்குத்தான்! எனக்கு இல்ல!"

ஷாப்பே சிரித்தது. கடல்காரன் சிரிக்கவில்லை. தொட்டியில் நின்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை விடிந்தது. புகை நேராக எழும்பி நின்றது. தட்டி எல்லாவற்றையும் திறந்துவிட்டும் தோல் அசையவில்லை. பத்து மணிக்கு அவன் கீழே இருந்து என்னைப் பார்த்தான். "இப்ப பார் எந்திரிச்சு நிக்கும்," என்றான்.

சாயந்திரம் மண்டிக்காரர் அவராகவே கூப்பிட்டார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னார். போனைக் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கேட்டதை அப்படியே எங்களுக்குச் சொன்னார்.

"வேட்டி கட்டிட்டாங்களாம். காலைல கடலு கண்ணாடி மாதிரி இருந்துதாம். இன்னாத்துக்கு இதக் கட்னோம்னு ஊரே சிரிச்சிதாம். ஒம்பது மணிக்கு மேல ஒரு பொட்டுக் காத்து இல்லாம, பனை ஒசரம் எந்திரிச்சி அடிக்குதாம். கரையில கட்டி வெச்ச வள்ளம் ரெண்டு போச்சாம். பசங்க தீவுல நிக்கறது தெரியுதாம். அஞ்சு பேரும்."

சொல்லிவிட்டு 'சுப்ஹானல்லாஹ்' என்று மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி தீந்துருக்கும்," என்றான் கடல்காரன்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். சனிக்கிழமை வரைக்கும்தான் குடம்.

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "எப்போ எறக்கலாம்? நீ சொல்லு, நான் சொல்றேன்."

அவன் சுவரைப் பார்த்தான். வாயில் ஏதோ கணக்குப் போட்டான்.

"பாய், இன்னைக்குப் பிறை எத்தனை?"

"மூணு," என்றார் முதலாளி, யோசிக்காமல். பிறைக் கணக்கு அவருக்கு எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும்.

"நாளைக்கு வேணாம்னு தோணுது. ஆனா தண்ணி இல்லாம அதுக்கு மேல தாங்காது. நாளைக்குக் காலைல அலை கொறைய ஆரம்பிக்கும். மத்தியானத்துக்கு மேல நீர் ஏறும். பார் மேல தண்ணி நின்னா அவ்வளவா ஒடையாது. நீங்க சாயந்திரம் அஸர் தொழுவீங்கள்ல, அதுக்குக் கொஞ்சம் முந்தி வேட்டிய எறக்கச் சொல்லுங்க. அதுக்கு முந்தி வேணாம். பிந்தியும் வேணாம்."

"அஸருக்குக் கொஞ்சம் முந்தி," என்று முதலாளி போனில் சொன்னார். "அதுக்கு முந்தி எறக்கிடாதீங்க. ஆமா. இங்க ஒரு ஆளு சொல்றாரு."

அதுவரைக்கும் அவனை யாரும் 'ஆளு சொல்றாரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷாப் லீவு. நான் வீட்டில் இருக்க முடியாமல் வந்தேன். அவன் ஷாப்பிலேயே தங்குகிறவன். பேடில் மேட்டில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள்.

"இப்ப உள்ள வந்துருக்கணும்," என்றான். "இல்லைன்னா இல்ல."

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்து நான் பார்த்ததில்லை. கனத்த உடம்பு. மூச்சு வாங்கியது. காற்று எப்படி என்று கேட்கவில்லை.

"அஞ்சும் வந்துட்ச்சி," என்றார். "நீ போய்ச் சொல்லு. நீதான் சொல்லணும்."

நான் இறங்கினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முழங்கால் தண்ணீரில் நின்று தோலை இழுத்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் கேட்காது என்று மோட்டாரை நிறுத்தினேன். அவன் நிமிர்ந்தான்.

"அஞ்சு பேரும் வந்துட்டாங்க."

"வள்ளம்?"

"அதுவுந்தான்."

தலையாட்டினான். கையில் இருந்த தோலை மேட்டில் மடித்து வைத்தான். குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அவன் திரும்பி வந்து மோட்டாரைப் போடுகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.