கோட்டுக்கு அடியில் ஆறு புள்ளிகள்

பக்கத்து அறையில் கிர்ரென்று டேப் கிழியும் சத்தம் கேட்டது. அண்ணன் இன்னொரு அட்டைப் பெட்டியை ஒட்டி முடித்துவிட்டான்.

“வாலு, அலமாரி காலியாச்சா? இல்ல, படிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டியா?”

தங்கையைத்தான் வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். நான்கு நாளுக்கு முன் அடக்கம் செய்த அத்தையின் பைபிள் அவள் மடியில் திறந்து கிடந்தது. கடைசித் தாளில் ஒரு பெயர்ப் பட்டியல். நடுவில் ‘வாலு’. அதன் குறுக்கே நீல மையில் ஒரு கோடு.

தாய் தகப்பன் இல்லாத இருவரையும் வளர்த்தவள் அத்தை. அச்சகத்தில் முப்பத்துநான்கு வருஷம் பிழை திருத்தியதால் உறவுக்கெல்லாம் அவள் ‘கமா அத்தை’. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் ஆசீர்வாதத்துக்கு முன்னால் பென்சிலைத் தேடுவாள். போதகரின் ஞாயிறு அறிவிப்பையும் விட்டுவைத்ததில்லை. “கர்த்தர் மன்னிப்பார் ஐயா, அச்சு மன்னிக்காது” என்று திருத்திக் கையில் கொடுப்பாள்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இந்தப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு ஜெபிப்பாள். பேர் தெரியாதவர்களுக்கும் அதில் இடமுண்டு. ‘மாடி வீட்டு இருமல்’, ‘பால்காரர் முழங்கால்’, ‘பஸ்ஸில் அழுத பெண்’. இருமல் நின்ற பிறகும் அதை எடுக்கவில்லை. “நின்னதுக்கு நன்றி சொல்ல வேணாமா?” என்பாள்.

இத்தனை பேரில் அடிபட்டது வாலு மட்டும்தான். அத்தைக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொள்ள, பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் தாண்டியவள். அதன்பின் அவளும் வரவில்லை, அத்தையும் கூப்பிடவில்லை. கோபம் இருக்கட்டும், ஜெபத்திலிருந்துமா தள்ளிவிடுவாள்?

ஆனால் கோட்டுக்கு அடியில் சிவப்பாக ஆறு புள்ளிகள் இருந்தனவே, அவை என்ன? தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மை கசிஞ்சிருக்கும்” என்றான் எட்டிப் பார்த்த அண்ணன்.

“கசியற மை வரிசையில நின்னா கசியும்?”

“அப்ப மூட்டைப்பூச்சியா இருக்கும்.”

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. அத்தை வேலை பார்த்த அச்சகத்தில் எழுத்துக் கோத்த கம்போசிட்டர் பெரியவர் நின்றிருந்தார். கண் ஆபரேஷன், அதனால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று வருந்தினார். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை தங்கைக்குப் பொறுக்கவில்லை. பைபிளை நீட்டினாள்.

“ஐயா, இது என்னன்னு தெரியுதா?”

அவர் தாளை மூக்கருகே கொண்டுபோய்ச் சிரித்தார்.

“இது தெரியாமலா இத்தனை வருஷம் அங்க சம்பளம் வாங்கினேன்? அடிச்ச வார்த்தைக்குக் கீழ புள்ளி வெச்சா, ‘அடிச்சது தப்பு, அப்படியே இருக்கட்டும்’னு அர்த்தம்மா.”

அப்போதும் ஒரு சந்தேகம் அவளை அரித்தது.

“எப்ப வெச்சிருப்பாங்க? கடைசிக் காலத்துலயா?”

“சிவப்பு மைன்னா வீட்டுல வெச்சதில்ல. அந்தப் பேனாவை மேஜையோட நூல் போட்டுக் கட்டி வெச்சிருப்பாங்க. ஆபீஸ் மை ஆபீஸுக்குத்தான்னு அவ்வளவு கறார்.” பெரியவர் யோசித்தார். “ஒரே ஒரு தடவை பைபிளோட வேலைக்கு வந்தாங்க. ஒரு திங்கக்கிழமை. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ‘என்னக்கா, அதுலயும் பிழை கண்டுபிடிச்சிட்டீங்களா’ன்னேன். ‘பிழை என்னுதுதான்’னாங்க. வளர்த்த பொண்ணு நேத்து வீட்டை விட்டுப் போயிடுச்சுன்னு அப்பதான் சொன்னாங்க.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீதானாம்மா அது?”

ஞாயிறு போட்ட கோடு. திங்கட்கிழமை வைத்த புள்ளி. அத்தையின் கோபத்துக்கு ஆயுசு ஒரே ராத்திரி.

“அப்புறம் ஏன் ஐயா அத்தை என்னைக் கூப்பிடல?”

“பிழை திருத்துறவங்க குறி மட்டும்தான் போடுவாங்க. எழுத்தை எடுத்து வைக்க இன்னொரு ஆள் வரணும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அப்படி யாரும் வரலம்மா.”

தங்கை தாளைக் குனிந்து பார்த்தாள். வருஷக்கணக்காக விரல் பட்டுப் பட்டுப் பட்டியல் முழுவதும் மங்கியிருந்தது. அவள் பெயரும் அதே அளவுக்கு மங்கியிருந்தது. அவள் அழுதாள். பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

“அதையும் பெட்டியில போட்டுடவா?” என்றான் அண்ணன், மெதுவாக.

“இருக்கட்டும்ணா, நான் வெச்சுக்கறேன். பால்காரருக்கு முழங்கால் இப்ப எப்படி இருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“விசாரிச்சுச் சொல்லு. ஜெபிக்கணும்ல.”

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டினார். “கடைசியில என்னையும் எழுதிக்கோம்மா.”

“உங்க பேரு ஐயா?”

“பேரெதுக்கு? ‘கம்போசிட்டர் கண்’ போதும். எழுத்துப் பிழை இல்லாம எழுது. இல்லேன்னா உங்க அத்தை எழுந்து வந்துடுவாங்க.”

கைப்பிடியைத் தடவித் தடவி அவர் படியிறங்கும்வரை பார்த்து நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.