குழந்தை அழுதால் அணையும் திரை

பத்தொன்பது வருடம், நாற்பத்தொரு வீடு. ஒரே கோளாறுக்காக இரண்டாம் முறை படியேறிய வீடுகளின் எண்ணிக்கை அது. மூன்றாம் முறை ஏறிய வீடு ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தி, கால் வைக்கும் இடத்தில் கிடக்கும் மடக்கு ஸ்டூலை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூல் அக்கா படியேறும்போது இந்த எண்ணிக்கையும் கூடவே ஏறும். கேட்டவர்களுக்குச் சொல்வார். கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்வார்.

வயது ஐம்பத்திரண்டு. வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே ஆள் அகப்படாது. ஸ்டூல் அக்கா என்றால் மூன்று தெரு தள்ளி இருப்பவரும் வீடு வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார். பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு காலுக்கு மட்டும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருக்கும், ஆட்டத்தை நிறுத்த. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை, அங்கே இருக்கிற நாற்காலியை இரண்டு விரலால் ஓரங்கட்டிவிட்டு ஸ்டூலைப் போடுவது.

அதற்கும் ஒரு கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வக்கீலின் நாற்காலியில் உட்கார்ந்து, உயரம் போதவில்லை என்று ஒரு திருகு திருகிவிட்டார். பிரிண்டர் சரியாகிவிட்டது, வக்கீலின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் போனில் அர்ச்சனை. "மெஷினை நான் தொடலாம். நாற்காலி அவங்க முதுகுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. அதை நான் எதுக்குப் போட்டுப் பார்க்கணும்?" என்பார். அன்றிலிருந்து வாடிக்கையாளரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. பாஸ்வேர்டு அடிக்கும்போது யாரும் சொல்லாமலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். கருகல் வாசனை வேறு, சூடேறிய தூசியின் வாசனை வேறு, உள்ளே செத்துப்போன பல்லியின் வாசனை வேறு. தூசி தட்டுவதற்கு, மகள் வேண்டாமென்று ஒதுக்கிய பவுடர் பிரஷ். கழற்றிய திருகாணிகளுக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. "சும்மா இருந்துச்சுக்கா, சும்மா ஆஃப் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். "சும்மான்னு ஒரு பார்ட் எந்தக் கம்ப்யூட்டர்லயும் கிடையாது."

நாற்பத்தொன்றாவது வீடு ஒரு மூன்றாம் மாடி. கட்டடங்களுக்குப் பிளான் வரையும் இளம்பெண் ஒருத்தி, அவளுடைய ஏழு மாதக் குழந்தை, மாமனார். கணவன் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் போனில்தான் குடும்பம் நடத்துவான். பிரசவ விடுப்பு முடிந்ததும், வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று அவள் ஆபீஸில் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தாள். அதற்காகவே புதுக் கம்ப்யூட்டர், அகலத் திரை, அதே வாரத்தில் வாங்கிய, லீவரை இழுத்தால் ஏறி இறங்கும் சுழல் நாற்காலி. எல்லாம் புதுசு. எல்லாம் புதுசாக இருந்தும் திரை கண் சிமிட்டியது. இரண்டு விநாடி இருட்டு, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வெளிச்சம்.

இரண்டு விநாடியில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அப்படி ஒரு இருட்டில் அவள் கையிலிருந்த மவுஸ் வழுக்கி ஒரு சுகாதார நிலையத்தின் கழிவறைக் கதவு இடம் மாறி, மாடிப்படியின் நடுவில் போய்த் திறந்துகொண்டது. அது தெரியாமலே பிளான் ஆபீஸுக்குப் போய்விட்டது. அடுத்த மீட்டிங்கில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது குழந்தை அழுதது. கதவைச் சாத்தலாம் என்று எழுந்தாள், திரை போனது. பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், மீட்டிங்கே போனது.

முதல் தடவை போனபோது அக்கா இரண்டு மணி நேரம் இருந்தார். மோந்து பார்த்தார், கேபிளைக் கழற்றி மாட்டினார், திரை விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற அமைப்பைச் சரிபார்த்தார், திரையை இயக்கும் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அந்த இரண்டு மணி நேரமும் திரை ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. "தங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைப்பு. இரண்டாம் தடவை மின்சாரம் வரும் பிளக்கை மாற்றினார், தன் வீட்டுத் திரையைச் சுமந்து வந்து மாட்டிப் பார்த்தார், கேபிளை எடுத்துவிட்டு அதே கடையின் அதே ரகத்தில் புதுசு ஒன்றைப் போட்டார். அன்றும் சிமிட்டவில்லை.

கிளம்பும்போது மாமனார் வழிமறித்தார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வண்டிகள் புறப்படும் நேரத்தை எழுதி ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வீட்டு நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டிருப்பார்.

"மெக்கானிக்கம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. செவ்வாய்க்கிழமை. ஒன்பது பன்னிரண்டு, குழந்தை அழுகை. ஒன்பது பன்னிரண்டு, ஸ்கிரீன் அவுட். ஒன்பது நாற்பது, அழுகை. ஒன்பது நாற்பது, அவுட். எங்க டிப்போ பஸ்கூட இவ்வளவு கரெக்டா கிளம்பினதில்லை."

"ஐயா, குழந்தை அழுதா உங்க தூக்கம் கெடும். ஸ்கிரீன் கெடாது."

"தூக்கம் கெட்டதாலதானே எழுதி வெச்சேன்?"

அக்கா சிரித்துவிட்டுப் படியிறங்கிவிட்டார். தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் செய்த பெரிய தவறு அதுதான் என்று இப்போது அவரே ஒப்புக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் பிளான் பெண்ணிடமிருந்து போன்.

"அக்கா, மறுபடியும்."

"சும்மாவா?"

"சிரிக்காதீங்கக்கா. மூணு மணிக்கு மீட்டிங். இன்னைக்கும் பாதியில போச்சுன்னா திங்கக்கிழமைலேர்ந்து ஆபீஸுக்கு வந்துடுன்னு சொல்லிட்டாங்க. இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்? மாமாவால உட்கார்ந்து மடியில வெச்சுக்க முடியும், தூக்கிட்டு நடக்க முட்டி விடாது. இல்லைன்னா வேலையை விடணும்."

அக்கா போனை வைத்தார். ஸ்கூட்டரில் ஏறினார். மூன்றாம் முறையாக அந்த மாடி ஏறியபோது ஸ்டூல் கனத்தது என்று பிற்பாடு சொன்னார்.

ஒன்றே முக்காலுக்கு நாற்காலியை ஓரங்கட்டி ஸ்டூலைப் போட்டார். இரண்டு இருபது வரை திரை அசையவில்லை. தொட்டிலில் குழந்தையும் அசையவில்லை.

"நான் வந்தா மட்டும் பால் குடிச்ச பூனை மாதிரி உட்கார்ந்துக்குது பாரேன்" என்றார் அக்கா. பிளான் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் பொய் சொல்லலைக்கா. ஆபீஸ்லயும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நீங்களுமா?"

அந்தக் கேள்வி அக்காவைக் குத்தியது. எழுந்தார். ஸ்டூலை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "பொய் சொல்றேன்னு யாரு சொன்னா? நான் வராத நேரத்துல நடக்குது. அப்போ நான் வராத மாதிரியே இருக்கணும். நீ உட்காரு. உன் வேலையைப் பாரு. நான் இல்லைன்னு நினைச்சுக்கோ."

அவள் சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோடு வரைய ஆரம்பித்தாள். தொட்டிலில் ஒரு சிணுங்கல். கையில் மவுஸோடு பாதி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

திரை இருண்டது. இரண்டு விநாடி. திரும்ப வந்தது.

"ரெண்டு இருபத்தாறு" என்றார் மாமனார், பென்சிலை எடுத்துக்கொண்டே. "அழுகை. அவுட்."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே உட்காரு." அவள் உட்கார்ந்தாள். மறுபடி இருட்டு. இதற்குள் குழந்தை முழுத் தொண்டையில் ஆரம்பித்துவிட்டது.

"எழுந்துக்காதே!"

"அக்கா, பாப்பா..."

"மகாராணி ஒரு நிமிஷம் அழட்டும், ஒண்ணும் ஆகாது. ஐயா, தூக்கி மடியில வெச்சுக்கோங்க."

மாமனார் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை தீயணைப்பு வண்டி மாதிரி அலறியது. திரை ஆடவில்லை, அசையவில்லை. பிளான் பெண் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு முழு நிமிடம்.

"ஐயா, உங்க பேத்தி நிரபராதி" என்றார் அக்கா. "இப்போ எழுந்து போய்த் தூக்கிக்கோ." அவள் எழுந்தாள். இருட்டு.

குழந்தை தாயின் தோளுக்குப் போய் அடங்கியதும் அக்கா ஒரு காரியம் செய்தார். சுழல் நாற்காலியின் முன்னால் வந்து நின்றார். ஒரு மூச்சு விட்டார். உட்கார்ந்தார்.

"அக்கா! உங்க பாலிசி?"

"பாலிசி கிடக்கட்டும். உன் உடம்புல ஏதாவது இருக்கா, இல்லை நாற்காலியிலயான்னு தெரியணும்ல?"

பத்து தடவை உட்கார்ந்து எழுந்தார். மாமனார் உரக்க எண்ணி எழுதினார். ஏழு தடவை திரை போனது. பிறகு ஸ்டூலைப் பிரித்துப் போட்டு, அதில் பத்து தடவை. ஒரு தடவைகூடப் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இருபது தோப்புக்கரணம் போட்ட கணக்கு. மூச்சிரைக்க விளக்கினார்.

"காத்து வறண்ட நாள்ல ஸ்வெட்டரைக் கழட்டினா பட்பட்னு பொறி பறக்கும்ல? அதே கதை. இந்த நாற்காலிக்கு நடுவுல இரும்புத் தண்டு, அதுக்குள்ள காத்து அடைச்ச குழாய். பாரத்தை எடுக்கறப்பவும் வைக்கறப்பவும் கண்ணுக்குத் தெரியாம ஒரு கரண்ட் சொடுக்கு போடுது. உன் கேபிளுக்குத் தோல் மெல்லிசு, அந்தச் சொடுக்கு உள்ளே போயிடுது. ஸ்கிரீன் ஒரு கணம் மெஷினைத் தொலைச்சுட்டு மறுபடி தேடிப் பிடிக்குது. நாற்காலி அடிக்குது, கேபிள் அழுவுது. பாப்பா மேல பழி."

"அப்போ ரெண்டு தடவை நீங்க வந்தப்ப?"

"ரெண்டு தடவையும் திருடனை நானே ரெண்டு விரலால ஓரமா நகர்த்தி வெச்சுட்டு, வீடு பூரா தேடியிருக்கேன்." இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. மாமனார் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க தாளை அன்னைக்கே வாங்கிப் பார்த்திருக்கணும். யாரு அழுதான்னு நீங்க எழுதினீங்க. யாரு எழுந்தான்னு நான் கேட்டிருக்கணும்."

"விடுங்கம்மா. லேட்டா வந்தாலும் வண்டி வந்துடுச்சு" என்றார் டிப்போக்காரர்.

மணி இரண்டு நாற்பத்தெட்டு. தடித்த தோல் போட்ட கேபிள் பையில் இல்லை. கடைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அக்கா சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினார். ஸ்டூலை மேஜைக்கு முன் இழுத்துப் போட்டார். உயரம் போதவில்லை. குழந்தையின் தலையணையை மடித்து மேலே வைத்தார்.

"உட்காரு. ஆடாது. ஒரு கால்ல டியூப் சுத்தியிருக்கேன்."

மூன்று மணிக்கு மீட்டிங் தொடங்கியது. ஆபீஸின் பெரிய பொறியாளர் எடுத்த எடுப்பிலேயே கழிவறைக் கதவைப் பற்றித்தான் கேட்டார். பிளான் பெண் திருத்திய கதவைக் காட்டினாள். நோயாளிகளின் சக்கர நாற்காலி திரும்ப இடம் போதுமா என்று கேட்டதற்கு அளவோடு பதில் சொன்னாள். மூன்று இருபதுக்குக் குழந்தை அழுதது. அவள் பேச்சை நிறுத்தாமல் எழுந்தாள், மாமனார் மடியிலிருந்து குழந்தையை வாங்கினாள், தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரை வெளிச்சமாகவே இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றிருந்த அக்கா அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

நான்கு மணிக்குப் பெரிய பொறியாளரின் குரல்: "சரிம்மா, அடுத்த பிளானையும் வீட்டிலிருந்தே முடிச்சுடுங்க." கூடவே ஒரு கேள்வி: "பின்னால குரல் கொடுக்கிறவங்க யாரு, உங்க அசிஸ்டெண்ட்டா?"

"மேனேஜர், சார்" என்றாள் அவள்.

கிளம்பும்போது பிளான் பெண் ஸ்டூலை மடக்கி நீட்டினாள். அக்கா கையை நீட்டவில்லை. "கேபிள் வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். நீ எதுல உட்காருவே?" பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் இரண்டே வரிகள்: இரண்டாம் முறை, நாற்பத்தொன்று. மூன்றாம் முறை, பூஜ்யம். பூஜ்யத்தை நிதானமாக அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். மாமனாரிடம் அந்தக் காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, திருகாணிகள் போடும் பாட்டில் மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது பையைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இடது கை மட்டும் பழக்கத்தில், எதையோ இடுக்கிக்கொண்டிருப்பதைப் போல, விலாவோடு ஒட்டியே இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும். பத்தே முக்காலுக்கு அக்கா நான்காம் முறையாக அந்த மாடி ஏறுகிறார்.