கஞ்சிக்கோட்டில் ஒரு கனடாக்காரி

கேரள எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் வாடகைக் காரின் டயர் பஞ்சராகிவிட்டது. டிரைவர் அதை மாற்றி முடிக்கும்வரை சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தொழிற்சாலை லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. இன்றிரவு கோவையிலிருந்து எனக்கு விமானம். டொராண்டோவில் இருந்தபோது ஒரு பயணத் தளத்தில் எடுத்த டிக்கெட்டைச் சரிபார்க்க வேண்டும். கைபேசியில் தளத்தைத் திறந்தால், அது நான் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து இந்தியப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. அங்கே என் டிக்கெட் இல்லை. மறுபடி கனடா முகவரியைத் தட்டுகிறேன். மறுபடியும் இந்தியாதான் வருகிறது.

"சே! இந்த நாட்டுல எதுவுமே உருப்படியா இருக்காதா?" என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

டீ ஆற்றிக்கொண்டிருக்கும் கடைக்கார அம்மாவின் கை நின்றுவிடுகிறது.

"ஏனுங்க, நீங்க எந்த நாடுங்க?"

குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சியில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கனடா" என்கிறேன்.

"அதானே பாத்தனுங்க. ஆனா தமிழு நல்லாப் பேசறீங்க."

பிறகு உள்ளே திரும்பிக் கணவரிடம் சொல்கிறார்: "ஏனுங்க, அவங்க வெளிநாட்டுக்காரங்களாமா. நம்ம தண்ணி அவங்களுக்குச் சேராது, பாட்டில் தண்ணி எடுத்துக் குடுங்க."

கைபேசியில் அந்தத் தளத்தின் அடியில் நாட்டை மாற்றும் பொத்தான் அப்போதுதான் கண்ணில் படுகிறது. அழுத்துகிறேன், டிக்கெட் பத்திரமாக இருக்கிறது.

அவர் கணவர் பாட்டிலைத் தன் துண்டால் துடைத்து நீட்டுகிறார். நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.