"இழுக்காத" என்று கத்திய அஞ்சலை

அஞ்சலை இறந்துபோன செய்தி என்னிடம் வந்தபோது அதில் அஞ்சலையின் பெயரே இல்லை.

காலையில் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தேன். தேசிங்கு வந்தான். கொட்டகை அவனுடையது. எங்கள் மாமல்லபுரத்துக் குப்பத்தில் பெரிய வலை வைத்திருப்பவன் அவன்தான். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னான்.

"பூனக்காரி பூட்டா அண்ணாத்த."

"யாருடா?"

"அதான், பூனக்காரி. காலைல மார வலிக்குதுன்னாளாம். அவ்ளோதான், பூட்டா."

சொல்லிவிட்டுக் கொட்டகைக் கம்பத்தில் தொங்கிய தகர டப்பாவைக் கழற்றினான். உள்ளே இருந்த நூல் துண்டுகளை மணலில் தட்டிக் கொட்டினான். தூண்டில் இரை போட்டு வைக்க ஒரு டப்பா வேண்டுமாம். எடுத்துக்கொண்டு போயே விட்டான். அவள் உடம்பு இன்னும் வீட்டுக்குள்தான் கிடந்தது.

நான் மணலில் முழங்கால் போட்டு அந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க எனக்குக் கோபம் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. முதியோர் பள்ளியில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் பெண், யாராவது ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வாருங்கள், சுவரில் ஒட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. அரைப் பக்கம் போதாது, தாயே. நேற்று வரை கோபம் வந்தால் எனக்குக் கத்த மட்டும்தான் தெரியும். கத்தினால் காற்றோடு போய்விடும். இப்போது எழுத வருகிறது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது, ஆனால் வந்தது அப்படியே நிற்கிறது. என்ன சந்தோஷம் தெரியுமா! ஆகவே குப்பத்து ஜனங்களே, சுவருக்கு முன்னால் நின்று இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள். தேசிங்குக்குக் கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

அஞ்சலை எனக்குப் பக்கத்து வீடு. என்னைவிட இளையவள். கருவாடு காயவைத்துக் கூடையில் சுமந்து, பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் விற்றுவிட்டு வருவாள். புருஷன் கடலோடு போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் அவளும் கருப்பி என்ற ஒரு பூனையும்தான். கருவாட்டுக்காரி வீட்டுப் பூனை எப்படி இருக்கும்? மழமழவென்று இருக்கும். அது பகலெல்லாம் வலைக் கொட்டகையில்தான் கிடக்கும். எலி வலையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டது அந்தக் கருப்பிதான், நாம் அல்ல.

நாம் என்ன செய்தோம்? கிழிந்த கண்ணியைத் தைக்கிறோம், முடிச்சுப் போடுகிறோம், மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்து மணலில் துப்புகிறோம். பருத்தி நூலாக இருந்தவரை அது மக்கிப் போயிற்று. நைலான் வந்தபிறகு மக்குவதே இல்லை. அந்த நுனியில் மீன் கவிச்சி ஒட்டியிருக்கும். கருப்பி ஒரு நாள் அதில் நீளமான துண்டு ஒன்றை நக்க ஆரம்பித்து விழுங்கிவிட்டது. பாதி வயிற்றுக்குள், பாதி வாய்க்கு வெளியே.

அன்று நான் கடலுக்குப் போயிருந்தேன். கரைக்கு வந்தபோது கொட்டகையில் ஒரு கூட்டமே நின்றது. முதலில் சோற்று உருண்டை கொடுத்திருக்கிறார்கள். தொண்டையில் முள் சிக்கினால் நமக்குச் செய்வதைப் பூனைக்கும் செய்திருக்கிறார்கள். அது விழுங்கவில்லை. பிறகு தேசிங்கு அந்த நூலைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நூல் முனை தெரிந்தால் வலைக்காரன் கை சும்மா இருக்காது. முடிச்சுப் போட்டால் இழுத்துப் பார்ப்போம், சிக்கு விழுந்தால் இழுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தைப் பூனையின் குடலிலும் காட்டிவிட்டார்கள். கருப்பி ஒரு கத்துக் கத்தியதாம். அப்புறம் கத்தவே இல்லையாம்.

அஞ்சலை கருவாட்டுக் கூடையைக் காலி செய்து, பழைய புடவையை விரித்து, கருப்பியைப் படுக்கவைத்தாள். "அண்ணே, செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன். தொணைக்கு வா" என்றாள். ஈரத் துணியோடு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கூடையைப் பார்த்து, "இன்னாம்மா கூடையில?" என்றான்.

"கருவாடு நைனா."

அந்த நேரம் பார்த்துக் கருப்பி ஈனமாக ஒரு குரல் கொடுத்தது.

"கருவாடு மியாவுங்குது?"

"உன் பஸ்ஸுல ஏறுனா கருவாடுகூட ஐயோன்னு கத்தும். லக்கேஜு டிக்கெட்டு குடு."

பஸ்ஸே சிரித்தது. முன்சீட்டில் வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் மட்டும், பூனை குறுக்கே வந்தாலே ஆகாது, கூடவே வந்தால் எப்படி என்று முணுமுணுத்தார். "குறுக்க வந்தது நீதான்யா. அது ஆஸ்பத்திரிக்குப் போவுது, நீ எங்க போற?" என்றாள். அதோடு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் நல்ல மனிதர். மாடு, ஆடு பார்க்கிற இடம் என்று சொல்லித் துரத்தாமல் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பூனையின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். நூலின் ஒரு வளையம் நாக்கின் அடியில் மாட்டியிருந்தது. மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. இரண்டு பக்கமும் பிடிப்பு இருக்கும்போது இழுத்தால் குடல் நூலிலே சுருங்கிக்கொள்ளும், நூல் கத்தியாக அறுக்கும் என்றார். நான் புரியாமல் நின்றேன். அஞ்சலைக்கு உடனே புரிந்துவிட்டது.

"சுருக்குக் கயித்த இழுத்தா வல மொத்தமும் ஒண்ணா சுருண்டுக்குமே, அந்த மாதிரியா சார்?"

"அதேதாம்மா."

"இழுக்காம கொண்டாந்திருந்தா?"

டாக்டர் தலையை ஆட்டினார். நாக்கடியில் வெட்டிவிட்டிருக்கலாம், வயிற்றைத் திறந்துகூடப் பார்த்திருக்கலாம், இப்போது குடல் அறுந்துவிட்டது என்றார். கருப்பி அந்த மேஜைமேலேயே போயிற்று.

திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். "இன்னாம்மா, கருவாடு தூங்குதா?" என்றான் சிரித்துக்கொண்டே. "ஆமா நைனா, தூங்குது" என்றாள். அதன் பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை. மாமல்லபுரம் வரும்வரை அவள் கூடையை மடியில் இருந்து இறக்கவில்லை.

அன்றிலிருந்துதான் அவள், "பூன வாயில நூலக் கண்டா இழுக்காத, சோறு குடுக்காத" என்று கத்த ஆரம்பித்தாள். நீங்களெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறீர்கள். யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைவாள். காலண்டரில் ஊசியைக் குத்தி நூலைத் தொங்கவிட்டிருந்தால் பிடுங்கி எடுத்து, நூலைச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கையில் கொடுப்பாள். "நூலு மட்டும் போனாலே சாவு, ஊசியோட போனா?" என்பாள். தலையிலிருந்து கழற்றிய பூச்சரத்தை மூலையில் எறிந்திருந்தால் அந்த நாரைப் பொறுக்குவாள். பெண் பிள்ளைகள் ரிப்பனை, ரப்பர் வளையத்தைக் கண்ட இடத்தில் போட்டால் திட்டுவாள். தூண்டிலை இரையோடு கூரை இறவாணத்தில் மாட்டியிருந்தால் அந்த வீட்டுக்காரனுக்கு ஏழு தலைமுறைக்கும் திட்டு விழும். "மீன் வாசன அடிக்கற எதுவும் பூனைக்கு மீனுதான். அதுக்கு இன்னா, கண்ணுல பூதக்கண்ணாடியா மாட்டிகினு கீது?" என்பாள்.

கோயில் பக்கம் கிளிஞ்சல் மாலை கோத்து வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற கடைகளிலும் போய்ச் சண்டை போட்டாள். அங்கே ஒருத்தி, "வேணாம்னா துப்பிடாதா உன் பூன? நாங்க இன்னா வாய்ல ஊட்டியா வுட்டோம்?" என்று கேட்டாள். அஞ்சலை பக்கத்தில் படுத்திருந்த கடைப் பூனையைத் தூக்கி, அதன் நாக்கில் அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து வைத்துத் தேய்த்தாள். "சொரசொரன்னு கீதா? அத்தினியும் முள்ளு. எல்லாம் உள்பக்கம் பாத்து நிக்குது. நாக்குல மாட்டுனது உள்ளதான் போவும். அதுக்குத் துப்ப வராது. உனக்குத்தான் நல்லா துப்ப வருது, உன் நூல நீ பொறுக்கு." அந்தப் பெண் மறுநாள் முதல் மடியில் துணி விரித்துத்தான் கோத்தாள். ஆனால் ஊருக்குள் "பூனைக்கு வக்கீலு வருது, நூல ஒளிச்சு வையி" என்று கேலி பரவியது. ஒளித்து வைத்தீர்கள் அல்லவா? அதைத்தானே அவள் கேட்டாள்! கேலிக்காகச் செய்ததைப் புத்தியாக ஒரு தரம் செய்திருக்கக் கூடாதா?

தேசிங்கு கழற்றிக்கொண்டு போன அந்தத் தகர டப்பா அவள் டீக்கடையில் கேட்டு வாங்கியது. பிஸ்கட் வந்த டப்பா. மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பூனை தாவினாலும் எட்டாத உயரத்தில் கம்பத்தில் கட்டினாள். தைக்கிறவர்கள் நூல் நுனியை அதில்தான் போட வேண்டும்.

தேசிங்கு, "இன்னா அஞ்சல, பூனைக்குக் கோயில் கட்டி உண்டியலும் வச்சுட்டியா?" என்றான்.

"ஆமாடா. உன் வலைய எலி கடிக்காம காவல் காக்குதே, அதுக்குக் கூலியா நூலக் குடுத்துக் கொல்ற. உண்டியல்ல நூலப் போடு, பாவம் கொறையும்."

"ஒரு பூன போனா இன்னொண்ணு."

"உன் வலையும் போனா இன்னொண்ணுதான். அதுக்கு மட்டும் ஏன் கடல்ல குதிச்சு அழுவற?"

நான் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். தேசிங்கும் சிரித்தான், அதையும் சொல்ல வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே நூலையும் அதில்தான் போட்டுவந்தான். அதன் பிறகு கொட்டகையில் ஒரு பூனையும் நூலால் சாகவில்லை. இதை யாராவது ஒருவர் அவளிடம் சொன்னீர்களா? இல்லை. சாகாத பூனையை யாரும் பார்ப்பதில்லை. கத்துகிறவளை மட்டும் பார்க்கிறார்கள்.

அவளை எடுத்துக்கொண்டு போன அன்று பாடைக்குப் பின்னால் நடந்தவர்களில் ஒருவர், இனிமேல் குப்பம் அமைதியாக இருக்கும் என்றார். இன்னொருவர், பூனைகளையும் கூப்பிட்டிருக்கலாம், கொள்ளி வைக்க ஆள் இருந்திருக்கும் என்றார். யார் என்று எனக்குத் தெரியும். சாவு வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதிவிட்டேன். அவர்களும் படிக்கட்டும்.

காரியம் முடிந்து சில நாள் ஆகியிருக்கும். கம்பத்தில் டப்பா இல்லை. நூல் நுனிகள் மறுபடி மணலில் விழுந்துகொண்டிருந்தன. நான் பார்த்த வரைக்கும் பொறுக்கினேன். ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் தேசிங்கு வந்து நின்றான். மார்போடு சேர்த்து, துண்டில் சுற்றி, ஒரு பூனையைப் பிடித்திருந்தான். அவன் வீட்டுச் செவலை. வாயோரத்தில் நீல நைலான் தொங்கியது.

"அண்ணாத்த, நான் இழுக்கல" என்றான்.

நான் குனிந்து செவலையின் வாயோரத்தைப் பார்த்தேன்.

"சத்தியமா இழுக்கல அண்ணாத்த. கை போச்சு. முனையக்கூட புடிச்சுட்டேன். காதுல அந்த அஞ்சல 'இழுக்காத'ன்னு கத்தறா. செத்தும் வுடமாட்டேங்கறா அவ. சோறும் குடுக்கல. இன்னா பண்றது சொல்லு."

அஞ்சல என்றான். பூனைக்காரி என்று சொல்லவில்லை. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

"துண்ட இறுக்காத. முனைய அது கால்ல மாட்டாம பாத்துக்க. நட, பஸ்ஸுக்கு" என்றேன். அவள் வீடு வீடாகச் சொல்லிவந்ததைத்தான் நான் திரும்பச் சொன்னேன்.

செங்கல்பட்டில் அதே டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அதே இடத்தில்தான் மாட்டியிருந்தது. வெட்டிவிட்டார். உள்ளே போனது கொஞ்சம்தான், தானாக வரலாம், வாந்தி எடுத்தாலோ சாப்பிடாமல் கிடந்தாலோ உடனே கொண்டுவா, பின்பக்கம் நூல் தெரிந்தாலும் கை வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். வீட்டிலேயே நூலை வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தம்மா வரலியா?" என்று கேட்டார். தேசிங்குதான் பதில் சொன்னான். "அவதான் சார் அனுப்பிச்சா."

செவலை பிழைத்துக்கொண்டது. இன்று காலையில்கூட என் கருவாட்டைத் திருடித் தின்றது.

நேற்று தேசிங்கு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தான். இரை நாற்றம் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தான். என்னை மன்னித்துவிடு என்றெல்லாம் சொல்லவில்லை. சொன்னாலும் அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது, அது அஞ்சலைக்குச் சேர வேண்டியது. என் கோபம் அப்படியே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவள் தொண்டை கிழியக் கத்தியதற்கு அவன் ஒரு தரம் தலையாட்டியிருந்தால் போதும். ஆனாலும் டப்பாவை அவனே கம்பத்தில் கட்டினான். உயரம் போதுமா என்று என்னைக் கேட்டான். இன்னும் ஒரு முழம் ஏற்று என்றேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கத்தல்தான். என் வாயிலிருந்து அது அவ்வளவு நன்றாக வராது. ஆகவே படகுக்கு அடிக்கிற பச்சை பெயிண்டில் ஒரு குச்சியைத் தொட்டு, டப்பாவின்மேல் நானே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பெண் பார்த்துவிட்டுத் தப்பில்லை என்றது. எழுத்து கோணலாக இருக்கலாம். கொட்டகைக்குப் போகிறவர்கள் படித்துவிட்டு நூலைப் போடுங்கள்.

"நூலை இதில் போடு. பூனை வாயில் தெரிந்தால் இழுக்காதே. சொன்னவள் அஞ்சலை."